தம்பியின் இதயத்துக்கு ஒரு நடை: அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கான முழுமையான உடற்பயிற்சி வழிகாட்டி

என் தம்பிக்கு வயது 27. டவுன் சிண்ட்ரோம், அதாவது பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் நிலை. நடந்து களைத்துப்போனால் "களைப்பா இருக்கு" என்று அவனுக்குச் சொல்லத் தெரியாது. "அக்கா, டீ" என்பான். எங்கள் வீட்டில் டீ குடிக்கும் நேரத்தில்தான் எல்லோரும் ஒன்றாக உட்காருவோம். அதனால் உட்கார வேண்டும் என்பதற்கு அவன் வைத்திருக்கும் சொல் டீ. இது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது. அதுவரை டீக்கடையைப் பார்த்து அடம் பிடிக்கிறான் என்று நினைத்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்திருக்கிறேன். இன்றும் நினைத்தால் மனசு வலிக்கிறது.

வேலூரில் எங்களைப் போன்ற வீடுகள் நிறைய இருக்கின்றன. பேச்சுப் பயிற்சி, எழுத்து, பிடிவாதம் பற்றியெல்லாம் கூடிப் பேசுகிறோம். இதயத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை, தம்பி, தங்கை வீட்டில் இருப்பவர்களுக்கு உதவும்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் மூச்சு வாங்குகிறது?

அறிவு வளர்ச்சி குறைந்ததால் மட்டும் இதயம் பலவீனமாவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு உட்கார்ந்தே கழியும் வாழ்க்கைதான் முதல் காரணம். சிறப்புப் பள்ளியில் இருக்கும்வரை கொஞ்சம் ஓட்டம், ஆட்டம் இருக்கும். 18 வயதுக்குமேல் பலருக்கு வீடுதான் உலகம். டிவி முன்னால் ஒரு பாய், கையில் ஒரு தட்டு. கடைக்கு அனுப்பப் பயம், தெருவில் விட்டால் கேலி செய்வார்களோ என்ற பயம். "பாவம், அதை ஏன் அலையவைக்கிறே" என்று பாட்டி சொல்வாள். அன்பால்தான் சொல்கிறாள். அந்த அன்புதான் பத்து வருடத்தில் கால்களை மெலியவைத்து வயிற்றைப் பெருக்கவைக்கிறது.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. மற்றவர்கள் ஓடும்போது நரம்பு மண்டலம் இதயத்தை விரட்டி வேகமாகத் துடிக்கவைக்கும். இவர்களுக்கு அந்த விரட்டல் பலமாக வருவதில்லை. எவ்வளவு முயன்றாலும் துடிப்பு ஓர் அளவுக்கு மேல் ஏறாது. ரத்தம் வேகமாகப் போகாவிட்டால் தசைக்கு வேண்டிய ஆக்சிஜன் போய்ச் சேராது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சோம்பேறித்தனமாகத் தெரியும். சோம்பேறித்தனம் இல்லை, உடல் அவ்வளவுதான் கொடுக்கிறது. ஆனாலும் பயிற்சியால் முன்னேற முடியும். நடக்கும் நேரம் கூடும், கால் பலம் கூடும், மாடிப்படியில் நிற்காமல் ஏற முடியும்.

முதல் படி: டாக்டர்

இதைத் தாண்டிக்கொண்டு யாரும் இரண்டாவது படிக்குப் போகாதீர்கள். டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருக்கிறது. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவில் ஓட்டை விழுவது அதில் அதிகம் காணப்படும் ஒன்று. சின்ன வயதில் ஆபரேஷன் ஆகியிருந்தாலும் வால்வில் கசிவு மிச்சம் இருக்கலாம். சின்ன வயதில் ஒன்றுமே இல்லாதவர்களுக்கும் வளர்ந்த பிறகு வால்வுக் கோளாறு வருவதுண்டு. அதனால் "அப்போவே பார்த்துட்டாங்க, ஒண்ணும் இல்லைன்னாங்க" என்று விட்டுவிடாமல், எக்கோ என்னும் இதய ஸ்கேன் மறுபடி தேவையா என்று கேளுங்கள். ஓட்டை மூடப்படாமலே வளர்ந்தவர்கள், உதடும் நகமும் நீலம் பாயும் பிள்ளைகள், இருதய டாக்டர் சொல்லாமல் எந்தப் பயிற்சியும் தொடங்கக் கூடாது.

டாக்டரிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அவசரத்தில் பாதி மறந்துபோகும். நான் எழுதிப்போனவை இவை:

- தைராய்டு ரத்தப் பரிசோதனை. டவுன் சிண்ட்ரோமில் தைராய்டு குறைவு அடிக்கடி வரும். மந்தமும் எடை ஏற்றமும் அதனால்கூட இருக்கலாம்.
- இரவுக் குறட்டை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் பகலில் நடக்கத் தெம்பு இருக்காது.
- கழுத்து. டவுன் சிண்ட்ரோமில் கழுத்தின் உச்சியில் உள்ள இரண்டு எலும்புகளுக்கு நடுவே பிடிப்பு தளர்ந்திருக்கலாம். கழுத்து வலி, தலை ஒரு பக்கம் சாய்தல், நடையில் திடீர் மாற்றம், கை பலம் குறைதல், புதிதாக ஆடையில் சிறுநீர் போதல் இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே காட்ட வேண்டும். குட்டிக்கரணம், தலைகீழாக நிற்பது, டிராம்போலின் வலையில் துள்ளுவது இவையெல்லாம் டாக்டர் அனுமதி இல்லாமல் வேண்டாம்.
- வலிப்பு வருமா, கடைசியாக எப்போது வந்தது.
- சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம், பெயரோடும் அளவோடும்.

மாத்திரை விஷயத்தை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நடத்தைக்காகக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் போன்றவை பசியையும் எடையையும் கூட்டும். வெயிலில் உடல் சூட்டைத் தணித்துக்கொள்வதையும் கெடுக்கும். புரோப்ரனலால் என்ற மாத்திரை இதயத்துடிப்பைக் குறைக்கும். அதைச் சாப்பிடுபவருக்குத் துடிப்பு எண்ணிப் பயிற்சி கொடுப்பதில் அர்த்தமே இல்லை. அதற்காக எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நம் ஊருக்கு ஒரு பாக்கியம் இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனையும், பாகாயத்தில் மேரி வர்கீஸ் பெயரில் இயங்கும் மறுவாழ்வு நிலையமும் பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் இருக்கின்றன. மற்ற மாநிலங்களிலிருந்து ரயிலேறிக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். நாம் ஆட்டோவில் போகலாம். செலவை நினைத்துத் தயங்குபவர்கள் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. விவரம் கேட்க, சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போகலாம்.

இரண்டாவது படி: இன்று எவ்வளவு முடிகிறது?

ஆறு நிமிட நடைச் சோதனை என்று ஒன்று உண்டு. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளப்பது. ஆஸ்பத்திரியில் 30 மீட்டர் வராந்தாவில் செய்வார்கள். நாங்கள் போக்குவரத்து இல்லாத எங்கள் பக்கத்துத் தெருவில் செய்தோம். டேப் வைத்து 30 மீட்டர் அளந்து, இந்தப் பக்கம் சிவப்புப் பக்கெட், அந்தப் பக்கம் நீலப் பக்கெட். "சிவப்பைத் தொட்டுட்டு நீலத்தைத் தொடு, நீலத்தைத் தொட்டுட்டு சிவப்பைத் தொடு." அவ்வளவுதான் விளக்கம்.

முதல் நாள் கிடைக்கும் அளவை நம்பாதீர்கள். "முடிந்த அளவு வேகமாக நட" என்ற சொல்லே அவர்களுக்குப் புரியாமல் இருக்கலாம். என் தம்பி முதல் நாள் நீலப் பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான். இரண்டாம் நாள் நான் முன்னால் நடந்து காட்டினேன். மூன்றாம் நாள்தான் உண்மையான தூரம் கிடைத்தது. இரண்டு தடவை ஒத்திகை, மூன்றாவதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். கூட நடப்பவர் அரையடி பின்னால் வர வேண்டும். முன்னால் போனால் அது உங்கள் வேகம், அவருடையது இல்லை. தனியாக நடக்கவே மாட்டேன் என்றால் பக்கத்தில் நடங்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் அதே ஆள், அதே மாதிரி. 12 வாரம் கழித்து இதே தெருவில், இதே பக்கெட்டோடு மறுபடி.

மூன்றாவது படி: எந்த எண்ணை நம்புவது?

இங்கேதான் நான் தவறு செய்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாலு வருடத்துக்கு முன் தம்பியை ஒரு ஜிம்முக்குக் கூட்டிப்போனேன். சுவரில் அட்டவணை. 220-லிருந்து வயதைக் கழித்தால் வருவது உச்ச இதயத்துடிப்பு, அதில் 70 சதவீதம் வர வேண்டும் என்றார் பயிற்சியாளர். தம்பிக்கு அப்போது 23. கணக்குப்படி உச்சம் 197, இலக்கு ஏறக்குறைய 138. ஓடும் மெஷினில் 130 காட்டியது. "இன்னும் ஏத்தலாம் மேடம்" என்று வேகத்தைக் கூட்டினார். தம்பி சட்டைக் காலரை இழுக்க ஆரம்பித்தான். "அக்கா, டீ" என்றான். நான் "அப்புறம் டீ, முதல்ல முடி" என்றேன். அடுத்த நிமிடம் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டான். கை சில்லென்று இருந்தது, முகம் வெளுத்திருந்தது. பயிற்சியாளர்தான் பதறிப்போய் மெஷினை நிறுத்தினார். நல்லவேளை, வேறு ஒன்றும் ஆகவில்லை.

பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்னை உட்காரவைத்து விளக்கினார். அந்த 220 கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது. 2001-ல் போ ஃபெர்ன்ஹால் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கென்றே தனிச் சூத்திரம் கொடுத்திருக்கிறார்கள். வயதை 0.56-ஆல் பெருக்கி 210-லிருந்து கழிக்க வேண்டும். அதிலிருந்து இன்னொரு 15.5 கழிக்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் இருந்தால் 15.5-க்குப் பதில் 31 கழிக்க வேண்டும்.

23 வயதுக்குப் போட்டுப் பாருங்கள். டவுன் சிண்ட்ரோம் இல்லாதவருக்கு உச்சம் சுமார் 182. இருப்பவருக்கு 166. ஜிம்மில் காட்டிய 130 என்பது என் தம்பியின் உச்சத்தில் 78 சதவீதம். அவன் ஏற்கெனவே கடுமையாக உழைத்துக்கொண்டிருந்தான், நாங்கள் போதாது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். மிதமான பயிற்சி என்பது உச்சத்தில் 64 முதல் 76 சதவீதம் வரை. இன்று அவனுக்கு 27 வயதில் உச்சம் சுமார் 164. ஆக, 105-லிருந்து 125 வரை போதும். கையில் கட்டும் வாட்சும் பழைய கணக்கையே போடக்கூடும். அது காட்டும் சிவப்பு, பச்சை வண்ணங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இந்தச் சூத்திரமும் சராசரிதான், ஆளுக்கு ஆள் மாறும். அதனால் எண்ணைவிட ஆளைப் பாருங்கள். பேசத் தெரிந்தவர் என்றால், நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். பேசாதவர் என்றால் அவருடைய அடையாளங்களைக் கண்டுபிடியுங்கள். ஒரு வாரம் சும்மா கூட நடந்து கவனித்து எழுதுங்கள். என் தம்பிக்கு வரிசை இதுதான்: முதலில் காலரை இழுப்பான், அப்புறம் இடது காலைத் தேய்ப்பான், அப்புறம் டீ. காலர் வந்ததும் வேகத்தைக் குறைப்பேன். டீ வரை போகவிடுவதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இப்படி ஒரு சொல்லோ சைகையோ கட்டாயம் இருக்கும்.

நான்காவது படி: 12 வாரம்

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாக உடலசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டலில் சொல்கிறது. குறைபாடுள்ளவர்களுக்கும் அதே அளவுதான். பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம். இதைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒன்றுமில்லாததைவிடக் கொஞ்சம் மேல் என்றும் அதே வழிகாட்டலில் இருக்கிறது.

முதல் இரண்டு வாரம் தினம் 10 நிமிடம், வாரம் ஐந்து நாள், அவர் வேகத்தில், நடுவில் இரண்டு தடவை உட்காரலாம். அடுத்த இரண்டு வாரம் 15 நிமிடம். ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம்வரை 20, 25 என்று ஏற்றி, நடுவில் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம்வரை வேக நடை, இரண்டு மூன்று முறை. ஒன்பதாம் வாரத்திலிருந்து 30 நிமிடத்துக்கு ஏற்றினால் வாரக் கணக்கு 150 வந்துவிடும். ஒரு வாரம் முடியவில்லையா, அந்த வாரத்தையே மறுபடி செய்யுங்கள். அட்டவணைக்கு யாரும் கடன்படவில்லை.

வாரத்தில் இரண்டு நாள் கால் பலத்துக்கும் ஒதுக்குங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் கால் பலம் அதிகம் உள்ளவர்களுக்கு மூச்சுத் தெம்பும் அதிகமாக இருக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது எட்டு தடவை, சுவரைத் தள்ளுவது எட்டு தடவை. குடத்தில் அரைக்குடம் தண்ணீர் தூக்கிவரச் சொல்வதும் பயிற்சிதான், வீட்டுக்கும் உதவி. மூச்சை அடக்கித் தூக்கவிடாதீர்கள். எண்ணிக்கொண்டே தூக்கினால் மூச்சு தானாக வெளியே போகும்.

ஐந்தாவது படி: புளியங்கொட்டை

எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் மாற்றியது இதுதான். "அரை மணி நேரம் நடக்கணும்" என்றால் தம்பிக்கு அது முடிவே இல்லாத ஒன்று. முடிவு தெரியாத வேலையை யார்தான் செய்வார்கள்? அம்மா ஒரு நாள் புளி ஆய்ந்துகொண்டிருந்தபோது தோன்றியது. கழுவிக் காயவைத்த புளியங்கொட்டை ஆறு எடுத்து அவனுடைய வலது பாக்கெட்டில் போட்டேன். ஒரு சுற்று முடிந்தால் ஒரு கொட்டை இடது பாக்கெட்டுக்கு. வலது பாக்கெட் காலியானால் வீடு. முதல் நாள் ஒவ்வொரு சுற்றுக்கும் நின்று, கொட்டையை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கவனமாக இடம் மாற்றினான். கடைசிக் கொட்டை போனதும் பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டி "காலி!" என்று கத்தினான். அன்று அவன் டீ கேட்கவில்லை. எதையும் வாயில் போடும் பழக்கம் உள்ள பிள்ளை என்றால் கொட்டை வேண்டாம், கையில் ரப்பர் பேண்டுகளை மாட்டி இடம் மாற்றலாம்.

நடக்கும் இடமும் நேரமும் மாறாமல் இருக்கட்டும். நாங்கள் வேலூர்க் கோட்டைக்குள் நடக்கிறோம். காலையில் நடக்க வருபவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், வண்டிப் பயம் குறைவு. ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரம், சர்ச், அருங்காட்சியகம் என்று கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் இருப்பதால் அடுத்தது என்ன என்று அவனுக்கே தெரியும். பாதை மாறப்போகிறது என்றால் முந்தின நாள் இரவே சொல்லிவிடுவேன்.

சொல்வதைவிடச் செய்து காட்டுங்கள். ஒரு நேரத்துக்கு ஒரு சொல்தான். "கையை வீசி, நிமிர்ந்து, வேகமா, பார்த்து" என்று நாலும் ஒன்றாகச் சொன்னால் எதுவும் போய்ச் சேராது. செய்து முடித்ததும் உடனே பாராட்டுங்கள். வடை, பிஸ்கட், கூல்டிரிங்ஸ் பரிசாக வேண்டவே வேண்டாம். பத்து நிமிட நடை ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட்டுக்கு ஈடாகாது. தம்பிக்குப் பரிசு, வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் அவனே நட்சத்திரம் ஒட்டுவது. சாப்பாட்டில் நாங்கள் பெரிதாக மாற்றவில்லை. காலையில் கேழ்வரகுக் கூழ், டீயில் சர்க்கரை பாதி. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி அப்படியே இருக்கிறது, இரண்டாம் தட்டு மட்டும் இல்லை.

வெயிலும் செருப்பும்

அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டும். கோட்டைக் கருங்கல் சாயங்காலம்கூட அனல் வீசும். ஏப்ரல், மே, ஜூனில் விடிகாலை நடையை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். தாகம் என்று கேட்கமாட்டார்கள், அதனால் கொட்டை மாற்றும்போதெல்லாம் ஒரு வாய் தண்ணீர் என்று பழக்கிவிடுங்கள். ரப்பர் செருப்பில் நடக்கவைக்காதீர்கள். டவுன் சிண்ட்ரோமில் தட்டைப் பாதம் அதிகம், பாதம் உள்ளே சரியும். குதிகாலைப் பிடிக்கும் ஷூ, கயிறு கட்டத் தெரியாவிட்டால் ஒட்டும் பட்டை வைத்தது. வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவிக் கொப்புளம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே போக முடியாது. அப்போது மொபைலில் குத்துப்பாட்டு. மூன்று பாட்டுக்கு வீடே சேர்ந்து ஆடினால் பத்து நிமிடம் போய்விடும்.

உடனே நிறுத்த வேண்டியவை

நெஞ்சைப் பிடித்துக்கொள்வது, உதடு நீலமாவது, முகம் வெளுத்துக் குளிர்ந்த வியர்வை, தள்ளாட்டம், மயக்கம், உட்கார்ந்த பிறகும் மூச்சிரைப்பு அடங்காமல் இருப்பது, வழக்கமாகச் சிரிக்கும் பிள்ளை திடீரென்று அழுவது அல்லது அடிக்க வருவது. கடைசியில் சொன்னதையும் நோயாகத்தான் முதலில் பாருங்கள். வலி என்று சொல்லத் தெரியாதவருக்கு அதுதான் மொழி. நெஞ்சு வலி, நீலம், மயக்கம் என்றால் 108.

தனியாக வேண்டாம்

மூன்று மாதம் கழிந்தால் வேறு இடங்களுக்கும் போகலாம். ஸ்ரீபுரம் பொற்கோயிலின் நட்சத்திரப் பாதை ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர். கூட்டம் இல்லாத வார நாளில் போனால், சாமி கும்பிடப் போகிறோம் என்ற சந்தோஷத்திலேயே நடந்துவிடுவார்கள். ரத்தினகிரி படிகளை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், பாதியில் திரும்பினாலும் பரவாயில்லை.

பிள்ளை படிக்கும் சிறப்புப் பள்ளியில், ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் என்பது அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கான விளையாட்டு இயக்கம்; 1968-ல் சிகாகோவில் அமெரிக்க அதிபர் கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் தொடங்கிவைத்தது. 2023-ல் பெர்லினில் நடந்த உலகப் போட்டிக்கு இந்தியாவிலிருந்தும் அணி போனது. அதில் குறைபாடுள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் சேர்ந்து ஆடும் பிரிவும் இருக்கிறது. பதக்கத்துக்காகச் சொல்லவில்லை. கூட ஆட ஆள் இருந்தால் மறுநாளும் போகத் தோன்றும்.

அதே காரணத்துக்காக, வீட்டில் ஒருவர் மட்டும் இதைச் சுமக்காதீர்கள். போன ஆவணியில் எனக்கு டைபாய்டு வந்து மூன்று வாரம் படுத்துவிட்டேன். நடை நின்றது. நாலாவது வாரம் தம்பி ஆறு நிமிடத்தில் பழைய தூரத்தைத் தொடவில்லை. அதன்பிறகு எதிர்வீட்டு காலேஜ் பையனுக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன்: காலர், இடது கால், டீ, தண்ணீர், டாக்டர் நம்பர். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அவன்தான் கூட்டிப்போகிறான். முதல் ஞாயிறு கிளம்பும்போது தம்பி தன் பாக்கெட்டிலிருந்து பாதிக் கொட்டைகளை எண்ணி எடுத்து அந்தப் பையன் கையில் வைத்தான். இப்போது இரண்டு பேருக்கும் சேர்த்து 16 கொட்டை வைக்கிறேன்.